எதுவும் கேட்காத மாதம்

வேம்பு பூத்துவிட்டால் ஆவுடையம்மாளின் குடிலில் யாரும் கடவுளிடம் எதுவும் கேட்கக் கூடாது. மலையடிவாரத்தில் அந்தக் குடில் தோன்றிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

பங்குனிக் கடைசியில் முற்றத்து வேம்பு பூக்கத் தொடங்கும். சித்திரை முழுக்கப் பூ கொட்டும். கடைசிப் பூ உதிரும்வரை, மாலையில் விளக்கேற்றி எல்லோரும் கூடத்தில் உட்கார்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்ல வேண்டும், அதுவும் வாய்விட்டு. மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, கோர்ட்டு வழக்கு, வயிற்றுவலி எல்லாம் அப்புறம்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது புரியாது.

“ஏம்மா, இந்த மாசத்துல மட்டும் ஏன் கேக்கக் கூடாது?” என்பார்கள்.

“மழை பெஞ்சு எவ்வளவு நாளாச்சு?” என்று திருப்பிக் கேட்பார் ஆவுடையம்மாள்.

“தையிலருந்தே ஒரு பொட்டு இல்லியேம்மா.”

“அந்த மரத்தைப் பாருங்க. அது கேட்டா பூத்துருக்கு?”

பார்ப்பார்கள். தண்ணீர் காணாத மண்ணில் நின்றுகொண்டு வேம்பு தளதளவென்று தளிர்விட்டுப் பூத்திருக்கும். புரிந்துவிட்டதுபோலத் தலையை ஆட்டுவார்கள். சிலருக்கு நிஜமாகவே புரிந்திருக்கும்.

குடிலிலேயே தங்கியிருந்த சீடர்களில் மூத்தவர் பிரமநாயகம். குருவான ஆவுடையம்மாளைவிடவே பத்து வயதுக்கு மேல் மூத்தவர். அவர் குருவை ‘அம்மா’ என்பார், குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். முதல்முறை வருகிறவர்கள் வெள்ளைத் தாடியைப் பார்த்ததும் பிரமநாயகத்தின் காலில்தான் விழுவார்கள். அவர் பதறிப்போய், “நான் இல்ல, நான் இல்ல, அங்க அங்க!” என்று கையைக் காட்டுவார்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கோமதி கல்யாணமாகி டவுனில் இருந்தாள். ஒரு நாள் குடிலுக்குச் சும்மா வந்து உட்கார்ந்தவர், மறுநாளும் உட்கார்ந்தார். அப்படியே தங்கிவிட்டார்.

வேலை போனாலும் கண்டக்டர் புத்தி போகவில்லை. அவர் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஒரு கோழிக்குஞ்சுகூடப் பயணம் செய்ததில்லை. குடிலிலும் அப்படியே. வேம்பு பூத்துவிட்டால் மனிதர் விறைப்பாகிவிடுவார்.

அந்த வருடமும் முதல் நாளே செல்லக்கனி அகப்பட்டுக்கொண்டாள். பக்கத்து ஊர்க்காரி, மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள்.

“சாமி, மாடு நல்லபடியா கன்னு போட்டுச்சு. ரொம்ப நன்றி. அப்படியே எம்மவனுக்கும் ஒரு பொண்ணைக் கொண்டாந்து—”

“நிறுத்துங்க!” என்றார் பிரமநாயகம்.

“என்ன அண்ணாச்சி, நன்றிதானே சொன்னேன்?”

“நன்றி கன்னுக்குட்டியோட முடிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு ‘அப்படியே’ன்னு ஒண்ணு வந்துச்சுல்லா? அது ஆகாது.”

“செக்கர் ஏறிட்டாருடி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூடமே சிரித்தது. ஆவுடையம்மாளும் சிரித்தார், ஆனால் அவரைத் தடுக்கவில்லை.

இதை வைத்து அவரைக் கடுகடுத்த மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றி சொல்ல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கஞ்சியில் உப்பு சரியாக விழுந்ததற்கு நன்றி சொல்வார். ராத்திரி ஒரே தூக்கமாகத் தூங்கியதற்குச் சொல்வார். அவர் சொல்லிக் கேட்டால், நமக்கும் இதெல்லாம் கிடைத்துக்கொண்டுதானே இருக்கிறது என்று தோன்றும்.

அன்றைக்கு அவர் முறை வந்தபோது எழுந்து நின்றுவிட்டார்.

“எம்மக கோமதி உண்டாயிருக்கா. எத்தனையோ வருசமா இல்லாம இருந்துச்சு. ஏழாம் மாசம் நடக்கு. நன்றி சாமி.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செல்லக்கனிதான் முதலில் கண்ணைத் துடைத்தாள்.

சில நாள் கழித்து, காலையில், முற்றத்தில் விரித்த துணியில் உதிர்ந்து கிடந்த வேப்பம்பூவை அவர் அள்ளிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மருமகன் செண்பகராமன்.

“மாமா, கோமதிக்கு வலி வந்துட்டு. ஆஸ்பத்திரியில சேத்துருக்கேன்.”

“இப்பவேவா? நாள் இருக்கேப்பா!”

“அதான் மாமா பயமா இருக்கு. உடனே வாங்க. வரதுக்கு முன்னால சாமிகிட்ட ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டு வாங்க மாமா.”

பிரமநாயகம் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். அண்ணாந்து பார்த்தார். மரம் நிறையப் பூ இருந்தது.

“வாரேன்” என்று மட்டும் சொன்னார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும்போல இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தது. நெஞ்சு மட்டும் படபடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“இப்போதைக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல” என்றார் டாக்டர்.

பிரமநாயகம் வராந்தாவில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. போகிறவர் வருகிறவரெல்லாம் அதன்முன் நின்று எதையோ கேட்டு அழுதார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த வாசல் பக்கம் போனால் வாய் மீறிவிடும் என்று பயந்து அந்தப் பக்கமே போகவில்லை.

நன்றி மட்டும் சொல்லிப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி இருக்கிறதே, நன்றி. நர்ஸம்மா முகம் சுளிக்காமல் பேசினாளே, நன்றி. எல்லாம் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. ஆனால் மணலை மென்று விழுங்குவதுபோல இருந்தது.

சாயங்காலம் மகளைப் பார்க்க விட்டார்கள். கோமதி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்பா, வேண்டிக்கிட்டீங்களா?”

வேண்டிக்கொண்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“இல்லம்மா.”

“ஏன்?”

“வேம்பு பூத்துருக்கும்மா. இந்த மாசம் நாங்க ஒண்ணும் கேக்கதில்ல. உனக்குத்தான் தெரியுமே.”

கோமதி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செண்பகராமன் வெளியே போனான்.

கோமதி, கோமதி என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. அழுகிறாளா என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துக் குடிலுக்கு வந்துவிட்டார். சட்டத்தைப் போட்டவரிடமே கேட்டுவிடுவது என்று வந்தார்.

ஆவுடையம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து, காய்ந்த வேப்பம்பூவைச் சுளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். பிரமநாயகம் எல்லாவற்றையும் சொன்னார். குழந்தை கிடக்கிற கிடையைச் சொன்னார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததையும் சொன்னார்.

“அம்மா, ஒரே ஒரு தடவை கேட்டுக்கிடலாமா? நீங்க சரின்னு சொன்னா கேக்கேன். ஆகாதுன்னா விட்டுருதேன்.”

ஆவுடையம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. காம்பும் தூசியுமாகப் பறந்தது.

“கோமதி சின்னப் பிள்ளையில உங்ககிட்ட என்னல்லாம் கேப்பா?” என்றார்.

பிரமநாயகத்துக்குச் சுள்ளென்று வந்தது. இதுவா நேரம்? இருந்தாலும் குரு கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்?

“எதைத்தாம்மா கேக்கல? நான் வேலை முடிஞ்சு வாசல்ல கால் வைக்கதுக்குள்ள ஆரம்பிச்சிருவா. ரிப்பன் கேப்பா, சவ்வுமிட்டாய் கேப்பா. என் விசிலைக் கேப்பா. ஒரு நாள் பஸ்ஸையே கேட்டா.”

“கொடுத்தீங்களா?”

“விசிலைக் கொடுத்தேன். பஸ் கவர்மென்ட்டுதுல்லா?”

சொல்லும்போதே முகம் கொஞ்சம் மலர்ந்துவிட்டது. ஆவுடையம்மாளும் சிரித்தார்.

“கேக்காம இருந்ததே கிடையாதா?”

பிரமநாயகத்தின் சிரிப்பு நின்றது.

“உண்டும்மா. அவ அம்மா செத்த பிறகு ஒரு வருசம் வாயே திறக்கல. நானும் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துட்டுன்னு நினைச்சேன். ஒரு நாள் ஸ்கூல்லருந்து நொண்டிக்கிட்டு வந்தா. காலைத் தூக்கிப் பாத்தா ரத்தம். செருப்பு வாரு அந்து போய் எத்தனையோ நாளாகியிருக்கு. ஊக்கைக் குத்திப் போட்டுக்கிட்டே நடந்துருக்கா. அது கழண்டு குதிங்கால்ல ஏறிட்டு. ஏம்மா அப்பாகிட்ட கேக்கலன்னேன். அப்பா பாவம்னா.”

“நல்ல பிள்ளைதானே?” என்றார் ஆவுடையம்மாள். “தொந்தரவு பண்ணாம இருந்துருக்கே.”

“நல்ல பிள்ளையா?” பிரமநாயகம் சட்டென்று எழுந்துவிட்டார். குருவிடம் அவர் அதுவரை குரலை உயர்த்தியதே இல்லை. “எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? எங்கிட்ட கேக்காம வேற யாருகிட்டம்மா கேப்பா? அவ என்னைச் செருப்பால அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது! இனிமே தினமும் எதையாவது கேக்கணும், கேக்கலன்னா அப்பா சாப்பிட மாட்டேன்னு சத்தியம் வாங்கினேன். அப்புறந்தான்—”

பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. ஆவுடையம்மாள் சுளகைத் தட்டிப் பூவை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“டவுனுக்கு அடுத்த பஸ் எப்போ?” என்றார்.

பிரமநாயகம் ரோட்டைப் பார்த்தார். வளைவில் புழுதி தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

கோமதி அப்போதும் சுவரைப் பார்த்தபடிதான் படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் தரையிலேயே உட்கார்ந்தார். கும்பிடுவதற்கு அங்கே சாமி படம்கூட இல்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்த அதே வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

“சாமி” என்றார்.

நாக்கு எழவில்லை. மறுபடியும் ஆரம்பித்தார்.

“சாமி, இவளை நீதான் எனக்குக் கொடுத்தே. இவ அம்மாவை எடுத்துக்கிட்டே, அப்பவும் இவளை வளக்கத் தெம்பைக் கொடுத்தது நீதான். தங்கமான மனுசனை இவளுக்குக் கொடுத்தே. இத்தனை வருசம் கழிச்சு இந்தப் பயலைக் கொடுத்துருக்கே. கொடுத்ததைப் பறிச்சுராத சாமி. பொழைக்க வச்சுரு. நான் வேற எங்க போயி கேப்பேன்? எனக்கு வேற யாரைத் தெரியும்?”

வார்டு முழுக்கக் கேட்டுவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இவருக்காகக் கையைக் கூப்பினாள். செண்பகராமன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தலையில் ஒரு கை பட்டது. கோமதி திரும்பியிருந்தாள்.

“அப்பா, அழாதீங்கப்பா” என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

குழந்தை அன்றே எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் பயந்து பயந்துதான் பொழுது போயிற்று. ஒரு நாள் மூச்சுத் திணறி டாக்டர்கள் ஓடினார்கள். பிரமநாயகம் தினமும் கேட்டார். காலையிலும் கேட்டார், மாலையிலும் கேட்டார். வாசல் பிள்ளையாரிடமும் போய் நின்று கேட்டார். மெல்ல மெல்லக் குழாயைக் கழற்றினார்கள். பிறகு ஒரு காலையில் குழந்தையைக் கோமதியின் நெஞ்சோடு சேர்த்து வைத்தார்கள். அது தலையை இப்படியும் அப்படியும் உருட்டித் தேடி, பாலைக் கண்டுபிடித்துக்கொண்டது.

“இனிமே பயமில்ல” என்றார் டாக்டர்.

பிரமநாயகம் வராந்தாவுக்கு வந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அடங்கிய பிறகுதான், கேட்டுவிட்டோமே என்ற நினைப்பு வந்தது.

அவர் குடிலுக்குத் திரும்பிய அன்று மரத்தில் இன்னும் கொஞ்சம் பூ இருந்தது. விளக்கேற்றிவிட்டார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் எல்லார் முகமும் மலர்ந்தது. செய்தி எப்போதோ ஊருக்கு வந்துவிட்டது. தன் முறை வரும்வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, சொல்லுங்க” என்றாள் செல்லக்கனி. பேரனுக்கு நன்றி சொல்லப்போகிறார் என்று ஆவலாகக் காத்திருந்தாள்.

பிரமநாயகம் எழுந்தார்.

“நான் கேட்டுட்டேன்” என்றார். “வேம்பு பூத்துருக்கையில கேட்டேன். ஒரு தடவை இல்ல, தினமும் கேட்டேன். உங்களையெல்லாம் பாதி வார்த்தையில நிறுத்தினவன் நான். இங்க உக்கார எனக்கு யோக்கியதை இல்ல.”

“விடுங்க அண்ணாச்சி! உசிரு விசயத்துல போயி சட்டம் பேசிக்கிட்டு!” என்றாள் செல்லக்கனி.

“பஸ்ஸுல கண்டக்டருக்கு ஒரு சட்டம், பயணிக்கு ஒரு சட்டமா தாயி? பூ முடியட்டும், உள்ள வாரேன்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். கால் கழுவுகிற குழாயடியில் ஒரு கல் கிடந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டார். மனதில் கோபமோ வருத்தமோ இல்லை. பேரன் பால் குடிக்கிறான். மகள் முகம் பார்த்துப் பேசுகிறாள். குழாயடியிலேயே காலம் முழுக்க உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பார்.

உள்ளே ஆவுடையம்மாள் எழுந்தார். விளக்கைக் கையில் எடுத்தார். காற்றில் அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். படி இறங்கி, குழாயடி ஈரத்தில் பிரமநாயகத்தின் முன்னால் விளக்கை வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

பிரமநாயகம் பதறி எழுந்தார்.

“என்னம்மா இது? விளக்கை இங்கயா கொண்டாருவீங்க?”

“உக்காருங்க அண்ணாச்சி.”

கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். சேலை நனைகிறதே என்று யாரும் பார்க்கவில்லை.

“என்ன கேட்டீங்க? கேட்டது கேட்டபடி சொல்லுங்க” என்றார் ஆவுடையம்மாள்.

பிரமநாயகம் தயங்கித் தயங்கிச் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னதை விளக்கைப் பார்த்துச் சொன்னார். கோமதியைக் கொடுத்ததைச் சொன்னார். தெம்பைக் கொடுத்ததை, மருமகனைக் கொடுத்ததை, பேரனைக் கொடுத்ததைச் சொன்னார். பறிச்சுராத என்றதையும், வேற எங்க போயி கேப்பேன் என்றதையும் சொன்னார். செல்லக்கனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“இவ்வளவுதாம்மா” என்றார். “நன்றி சொல்லுத மாசத்துல பிச்சை எடுத்துட்டு வந்துருக்கேன்.”

ஆவுடையம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

“கொடுத்தவன் வாசல் மறந்துபோயிருந்தா, மறுபடி கேக்க அங்க போயி நின்னிருப்பீங்களா அண்ணாச்சி?”